இரண்டு பழைய கார், ஒரே ஷெட்: எதை வைத்துக்கொள்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இரண்டு பழைய கார்கள். ஒன்று 1970 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300. ஓடுகிறது. ஆனால் பின்சீட்டுக்கு அடியில் தரை ஓட்டையாகிவிட்டது, கதவுக்குக் கீழே உள்ள ஓரமும் உதிர்கிறது. இன்னொன்று 1982 மெர்சிடிஸ் 240டி, டபிள்யூ123 பாடி. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆறு வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு காருக்குத்தான் கூரை இருக்கிறது, வார இறுதியில்தான் நேரம். ஸ்பானர் பிடிப்பேன், வெல்டிங் தெரியாது. பீட்டிலுக்கு ஏற்கெனவே நிறையச் செலவு செய்துவிட்டேன். ஓடுகிற காரை வைத்துக்கொண்டு ஓடாததைத் தள்ளிவிடுவதுதானே சரி?

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய காரில் 'ஓடுகிறது', 'ஓடவில்லை' என்பதெல்லாம் அன்றைய நிலவரம். இஞ்சினைக் கழற்றி ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வேறு இஞ்சினையே தூக்கி வைக்கலாம். அரித்துப்போன தகட்டை அப்படிக் கழற்றி எடுத்துப்போக முடியாது. வெல்டிங் தெரியாதவர், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கிடைப்பவர், தகடு கெட்டியாக உள்ள காரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால் அது மெர்சிடிஸ். ஆனால் 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்ற ஒரு வரியை நம்பி பீட்டிலை விற்றுவிடாதீர்கள். இரண்டையும் ஒரு நாள் முறையாகச் சோதியுங்கள்.

முதலில் பீட்டில். கதவுக்குக் கீழே உதிர்வதாக நீங்கள் எழுதியிருப்பது ஹீட்டர் சேனல். இஞ்சின் பக்கமிருந்து சூடான காற்று முன்னால் போகும் குழாயும் அதுதான், பாடியின் பக்கவாட்டைத் தாங்கும் உத்தரமும் அதுதான். தரைத்தகட்டின் விளிம்பு இதன் அடியில்தான் வரிசையாக போல்ட் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சூடும் ஈரமும் மாறி மாறி வருவதால் உள்ளிருந்துதான் அரிக்கத் தொடங்கும்; வெளியே கொப்புளம் தெரியும்போது உள்சுவர் பெரும்பாலும் போயிருக்கும். தரையில் விழுந்த ஓட்டை வலப்பக்கம் மட்டும்தானா என்று பாருங்கள். பேட்டரி உட்காரும் இடம் அது. அமிலம் சொட்டி விழுந்த ஓட்டை என்றால் அந்த அளவோடு நின்றிருக்கலாம். இடப்பக்கமும் அதே கதி என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தரை முழுக்கவே சந்தேகத்துக்குரியது.

தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு சேனலின் அடிப்பக்கத்தை முன்னிருந்து பின்வரை, கை அகலத்துக்கு ஒரு இடம் வீதம், அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று நின்றால் தகடு இருக்கிறது. 'கரக்' என்று இறங்கினால் அங்கே இருப்பது பெயிண்டும் பழைய பட்டியும்தான். பிறகு முன்பக்கம் போய் ஃபிரேம் ஹெட்டைப் பாருங்கள். முன் ஆக்ஸில் பீம் நான்கு போல்ட்டில் மாட்டியிருக்கும் இடம் அது. அங்கே துரு தின்றிருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் வேலை இரட்டிப்பு.

இன்னொரு சோதனை. பின் சக்கரத்துக்கு முன்னால், பக்கவாட்டில் ஜாக்கி செருகும் சதுரக் குழாய் இருக்கும். அதில் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். குழாயே உள்ளே மடங்கினால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை. சக்கரம் தரையை விட்டதும் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு சுகமாக மூடிய கதவு இப்போது தட்டினால் பாடி வளைகிறது, சேனலுக்குத் தாங்கும் சக்தி இல்லை. (ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு போடாமல் கையைக்கூட உள்ளே விட வேண்டாம்.)

பீட்டிலுக்குச் சாதகமான விஷயம், ஹீட்டர் சேனலும் தரைத்தகடும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கஷ்டம் தகட்டில் இல்லை, பொருத்துவதில்தான். பழைய சேனலை வெட்டி எடுப்பதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தாங்கு வெல்டிங் செய்ய வேண்டும், கதவு இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்யும், புதுச் சேனலை அந்தத் தொய்வோடு பற்றவைத்துவிடுவார்கள், அதன் பிறகு அந்தக் கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. இரண்டு பக்கமும் மாற்றுவது கைதேர்ந்தவருக்கே வாரக்கணக்கில் போகிற வேலை. வெல்டரிடம் கேட்கும்போது 'தாங்கு கட்டுவீர்களா?' என்று முதலில் கேளுங்கள். 'தேவையில்லை' என்று சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

'ஓடுகிறது' என்றீர்களே, அதையும் கொஞ்சம் சோதிப்போம். இஞ்சினை அணைத்துவிட்டு கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். கிராங்க்கின் நீளவாட்டு ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம், 0.15 எல்லை. அந்த எல்லைக்குள் இருந்தால் கைக்கு அநேகமாகத் தெரியாது. 'டொக் டொக்' என்று கேட்டால் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்து அளந்துவிடுங்கள். எல்லை தாண்டியிருந்தால் மெயின் பேரிங்கும், சில சமயம் கிராங்க் கேஸும் ஓவர்ஹாலுக்குப் போக வேண்டியதுதான். அடுத்து, இஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வு இடைவெளி, 0.15 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். குறிப்பாக மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. உங்கள் ஆண்டு மாடலில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே அந்தச் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. குளிர்காற்று அதைச் சுற்றித்தான் வர வேண்டும் என்பதால் மூன்றாவது எப்போதும் அதிகம் சூடாகும். ஒவ்வொரு முறை சரிசெய்யும்போதும் அங்கே மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே போனால் வால்வு நீள்கிறது என்று பொருள். நீண்ட வால்வு ஒரு நாள் தலை அறுந்து பிஸ்டன்மேல் விழும். அன்றோடு 'ஓடுகிற கார்' முடிந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறும் அழுத்தத்தில் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. அது கழன்று வந்தால் பெட்ரோல் நேராக இஞ்சின் மேல் கொட்டும். பீட்டில்கள் தீப்பிடிப்பதற்கு இதுவும் நைந்துபோன பெட்ரோல் ஹோஸும் முக்கியக் காரணங்கள். கையால் முறுக்கினால் குழாய் ஆடுகிறதா பாருங்கள். இஞ்சின் அறையில் பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கினால் கழற்றி டேங்க் பக்கம் மாற்றுங்கள். விற்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு விற்பதே நியாயம்.

இனி மெர்சிடிஸ். இங்கேயும் தகடுதான் முதலில். கதவுக்குக் கீழே நான்கு ஜாக்கி ஓட்டைகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்து, விரலை விட்டுத் தடவுங்கள். மண் நிரம்பியிருந்தால் தோண்டி எடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்துங்கள். பிறகு பேட்டரித் தட்டின் அடி, முன் மட்கார்டின் பின்கீழ் மூலை, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி. கடைசியாகக் கம்பளத்தைத் தூக்குங்கள். இந்தக் காரில் கம்பளத்துக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் தண்ணீரை மாதக்கணக்கில் வைத்திருக்கும். உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் அடைத்திருக்கிறது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி இடங்களும் தரையும் தேறினால் இஞ்சினுக்கு வரலாம். ஆறு வருடம் நின்ற டீசலில் முதலில் செய்யக் கூடாதது சாவியைத் திருப்புவது. சிலிண்டரைச் சூடேற்றி ஸ்டார்ட் ஆக உதவும் நான்கு குளோ பிளக்கையும் கழற்றுங்கள். கார்பன் பிடித்திருக்கும், ஒரேயடியாகத் திருப்பினால் முறிந்துவிடும். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் 5 மி.லி. இஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கிராங்க் முன்னால் உள்ள போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போட்டு, இஞ்சின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். டைமிங் செயின் இருப்பதால் எதிர்த்திசையில் சுற்றாதீர்கள். எங்காவது இறுகி நின்றால் நீளக் குழாய் போட்டு மிதிக்கும் யோசனையே வேண்டாம்.

சுற்றிவிட்டதா? நல்லது, பாதி பயம் போய்விட்டது. பழைய ஆயிலை வடித்து ஃபில்டரோடு ஆறரை லிட்டர் புது ஆயில் ஊற்றுங்கள். டேங்க்கில் உள்ள டீசலை முழுக்க வடியுங்கள். கறுப்பாகப் பிசுபிசுப்பாக வந்தால் உள்ளே கிருமி வளர்ந்திருக்கிறது. டேங்க் அடியில் உள்ள சல்லடையையும் கழற்றிக் கழுவ வேண்டும். சின்ன முன் ஃபில்டர், பெரிய ஃபில்டர் இரண்டையும் மாற்றி, பெரியதில் சுத்தமான டீசலை நிரப்பி மாட்டுங்கள். கை பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். பம்ப்பின் குமிழ் அருகே டீசல் கசிந்தால் அதையே மாற்றிவிடுவது நல்லது, கசிகிற இடத்தில் காற்றும் நுழையும். அப்புறம் இஞ்ஜெக்டர் மேலுள்ள 17 மி.மீ. நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, நான்கிலும் டீசல் நனைந்ததும் இறுக்குங்கள். செல்ஃப் ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் வேண்டாம்; நடுவே ஒரு நிமிடம் ஆறட்டும்.

ஸ்டார்ட் ஆவதற்கு முன் இன்னொன்று. இந்த இஞ்சின் வாக்குவத்தால்தான் (குழாய் வழி காற்றை உறிஞ்சும் விசை) அணையும். ஆறு வருடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் சாவியை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இஞ்ஜெக்‌ஷன் பம்ப் அருகே 'ஸ்டாப்' என்று குறித்த நெம்புகோல் இருக்கும், அதை அழுத்தினால் நிற்கும். அது எங்கே இருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்தி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

ஓடத் தொடங்கியதும் புகை வந்தால் பதற வேண்டாம். நன்றாகச் சூடானபின் ஆயில் பிரஷர் பாருங்கள். ஐடிலில் 0.3 பார் இருந்தாலே போதும், 3000 சுற்றில் 3 பாருக்கு ஏற வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் இயல்பு. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) சூடான இஞ்சினில் 22 முதல் 24 பார் இருந்தால் புதிது மாதிரி. 15-க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது. டீசலுக்கான மீட்டர்தான் வேண்டும், பெட்ரோல் மீட்டரை மாட்டினால் மீட்டர் போய்விடும். ஒரு எச்சரிக்கை: ஆறிய இஞ்சினில் இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்று வால்வு இடைவெளியைச் சரிசெய்த பிறகே கம்ப்ரெஷன் எடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு இறுகி முழுக்க மூடாமல் இருப்பதைப் பார்த்து 'ரிங் போச்சு' என்று இஞ்சினைப் பிரித்துவிடுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

பிரேக் ஹோஸ் ஒன்றையும் நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் உட்புறம் வீங்கி அடைத்தால் பெடல் ஒழுங்காக இருக்கும், ஆனால் சக்கரம் விடாது. எண்ணெய் நான்கு சக்கரத்திலும் புதிதாக வர வேண்டும்.

முடிவு இப்படி: ஜாக்கி இடங்கள் கெட்டியாக இருந்து, கம்ப்ரெஷன் 15-க்கு மேல் சமமாக இருந்தால் மெர்சிடிஸை வையுங்கள். ஜாக்கி இடம் நான்கில் இரண்டு போயிருந்தால் அதன் கதையும் வெல்டிங்தான். அப்போது புதுத் தகடு சுலபமாகக் கிடைக்கிற பீட்டிலையே, நல்ல வெல்டர் கிடைத்தால், வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தேறாவிட்டால் இரண்டையும் விற்றுவிட்டு அரிக்காத ஒன்றைத் தேடுங்கள். பீட்டிலுக்கு இதுவரை செலவழித்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதை விற்றாலும் அந்தப் பணம் திரும்பாது.

கேள்வி: இரண்டுமே மஸ்டா எம்எக்ஸ்-5, பழைய மாடல். 1990-இல் வந்த 1.6 ஒன்று, 1995-இல் வந்த 1.8 ஒன்று. 1.6-இல் கூரைத் துணி, சீட் எல்லாம் புதிது, 1.8-இல் எல்லாம் கந்தல். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க நினைக்கிறேன். எந்தப் பாடியில் தொடங்குவது?

பதில்: துணியும் சீட்டும் ஒரு நாளில் இடம் மாறுகிற பொருள்கள், அவற்றை மறந்துவிடுங்கள். இரண்டு காரிலும் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பக்கச் சட்டத்தைப் பாருங்கள். இந்த மாடலில் நோய் அங்கேதான். கூரைத் துணியில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகால் வழியாக இறங்க வேண்டும். இலையும் தூசும் அடைத்தால் தண்ணீர் பக்கச் சட்டத்துக்குள் இறங்கித் தங்கிவிடும். ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே காருக்கு அடியில் கொட்டினால் வடிகால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராவிட்டாலோ, அந்தப் பக்கத்தைச் சந்தேகியுங்கள். பிறகு மெல்லிய காகிதத்தைப் பக்கச் சட்டத்தின்மேல் வைத்து அதன்மேல் சிறிய காந்தத்தை நகர்த்துங்கள். பிடி விட்டுப்போகிற இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கும் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள்.

இஞ்சினில் 1.6-க்கு மட்டும் ஒரு தனிக் கேள்வி உண்டு. தொடக்க கால 1.6-களில் கிராங்க்கின் மூக்கு குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றியவர் புல்லி போல்ட்டை சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்காவிட்டால், புல்லியைக் கிராங்க்கோடு பிடித்து வைக்கும் சாவித்தடம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும், கிராங்க்கே வீணாகும். அடையாளம் சுலபம். முன் புல்லியின் முகத்தில் 4 பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, 8 இருந்தால் பின்னால் வந்த திருத்திய வடிவம். இஞ்சின் ஐடிலில் ஓடும்போது புல்லியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். விளிம்பு அலைந்தால் 1.6-இன் இஞ்சினை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குட்டை மூக்கு என்பதாலேயே பயப்படவும் வேண்டாம். ஒழுங்காக இறுக்கியவை பிரச்சினையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் நல்லதாக உள்ள பாடியே உங்கள் கார். பதிவும் அடையாளமும் அந்தப் பாடியோடு போகும். சேசிஸ் எண் உள்ள தகட்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது குற்றம்.

தானம் தரும் காரிலிருந்து எதை எடுத்து வைப்பது என்பதிலும் பலர் தடுமாறுவார்கள். முழு வயரிங், வெட்டாமல், கனெக்டர்களோடு. எல்லாக் கண்ணாடியும். விளக்குகள், ஸ்விட்சுகள், மீட்டர் பெட்டி. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும். கதவு, பானெட், டிக்கி மூடி, கீல்களோடு. டயர், பிரேக் ஹோஸ், பழைய பெல்ட், வெடித்த ரப்பர் புஷ் ஆகியவற்றை எடுத்து வைத்தால் இடம்தான் அடைக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் அது பிடித்திருந்த பாகத்திலேயே திரும்பத் திருகிவிடுங்கள். முடியாததைப் பைக்குள் போட்டு 'இடது கதவு, மேல் கீல்' என்று எழுதுங்கள். 'கதவு' என்று மட்டும் எழுதிய பை ஆறு மாதம் கழித்து யாருக்கும் உதவாது. உங்கள் கார் ஓடி, பிரேக் பிடித்து, விளக்கெல்லாம் எரியும்வரை மற்றதன் மீதியை அனுப்பிவிடாதீர்கள். கடைசி நேரத்தில் தேவைப்படுவது எப்போதும் ஏதாவது ஒரு கொக்கியாகத்தான் இருக்கும்.

கேள்வி: இரண்டு காரிலும் துரு இல்லை, இரண்டும் ஓடுகின்றன. ஒன்று கார்புரேட்டர், இன்னொன்று தொண்ணூறுகளின் இஞ்ஜெக்‌ஷன். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கொடுத்து வைத்தவர். ஐந்து பொருள்களை இரண்டு காருக்கும் தேடிப் பாருங்கள்: முன்கண்ணாடி, பின்விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட், இக்னிஷன் ஸ்விட்ச். பிஸ்டனும் பேரிங்கும் ஏதோ ஒரு வழியில் கிடைத்துவிடும். வண்டியை வருடக்கணக்கில் நிறுத்திவைப்பது இந்த ஐந்து மாதிரிப் பொருள்கள்தான். எந்தக் காருக்கு இரண்டுக்கு மேல் கிடைக்கவில்லையோ அதை விட்டுவிடலாம்.

இஞ்ஜெக்‌ஷன் காரில் கூடுதலாக ஒன்று: கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கப் பெட்டிகளில் சின்ன உருளை வடிவ கெப்பாசிட்டர்கள் கசிந்து, பலகையின் செப்புத் தடத்தை அரித்துவிடும். திறந்ததும் மீன் வாடை மாதிரி அடித்தாலோ, உருளையின் காலடியில் பழுப்புக் கறை இருந்தாலோ கசிவு தொடங்கிவிட்டது. தடம் அறுபடுவதற்கு முன் மாற்றினால் சில சாலிடரில் முடியும். கார்புரேட்டர் காரில் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் த்ராட்டில் ஷாஃப்ட்டை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அங்கே காற்று நுழையும், எத்தனை கிட் போட்டாலும் ஐடில் நிற்காது. கார்புரேட்டரில் புது புஷ் அடிக்க வேண்டும்.

கேள்வி: விற்கப்போகும் காருக்கு பெயிண்ட் அடித்துவிட்டு விற்றால் நல்ல விலை வருமே?

பதில்: வராது. விவரம் தெரிந்தவர் புதுப் பெயிண்டைப் பார்த்தால் அடியில் என்ன மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் யோசிப்பார். அந்தச் செலவை வேறு இடத்தில் போடுங்கள். கார் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், உருள வேண்டும், ஸ்டியரிங் திரும்ப வேண்டும், பிரேக் பிடித்து விட வேண்டும். உருளாத காரை ஏற்றிச் செல்லும் செலவை வாங்குபவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். கழற்றிய பாகங்களைத் திரும்ப மாட்டுங்கள். பெட்டியில் கிடக்கும் இஞ்சின் பிரித்த கணத்திலேயே பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. துருவைப் படம் எடுத்து முதலிலேயே காட்டிவிட்டால், நேரில் வந்து பேரம் பேசுபவருக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: முடிவெடுக்க மனம் வரவில்லை. ஒன்றைச் சரிசெய்து முடிக்கும்வரை இன்னொன்றை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா? மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதுமா?

பதில்: நிறுத்தலாம். மாதாந்திர ஐந்து நிமிடத்தைத்தான் விட்டுவிட வேண்டும். எரியும் பெட்ரோலிலிருந்து தண்ணீரும் உருவாகிறது. ஐந்து நிமிடத்தில் ஆயில் அந்த ஈரத்தை விரட்டும் அளவுக்குச் சூடாகாது. ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி அரிக்கும். அரை மணி நேரம் சாலையில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், முடியாவிட்டால் தொடவே வேண்டாம்.

நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்துள்ள அமிலம் வருடம் முழுக்க பேரிங்கோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. இரும்பு டேங்க் என்றால் விளிம்புவரை நிரப்புங்கள், காலி இடத்தில்தான் ஈரம் படிந்து துரு பிடிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தை மட்டும் காலி செய்யுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் அதற்கான தரமே 155-தான். நிறுத்துமுன் மாற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் துரு பிடிக்காது. தண்ணீர் குளிர்விக்கும் இஞ்சினில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்து, கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்து, மாதம் ஒருமுறை வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போடுங்கள். காரைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். துணி உறை போதும். சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் எலி புகாமல் கம்பி வலை கட்டி, கட்டியதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் மாட்டுங்கள். டயரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்று வையுங்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அந்த வயது டயரைப் பாதுகாப்பதற்குக் கஷ்டப்பட வேண்டாம், காரைத் திரும்பச் சாலையில் இறக்கும் நாளில் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒரு வருடம் இழுத்து நின்ற பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால், அந்தக் காரை நகர்த்தவே முதலில் டிரம்மைக் கழற்ற வேண்டியிருக்கும்.